பெயர் தெரியாத பிரிட்டிஷ் ஸ்பெஷல்: நம்பர் பிளேட்டில் தொடங்குவதா, சக்கரத்தில் தொடங்குவதா?

என் மேஜையில் ஒரு படம் கிடக்கிறது. உள்ளங்கை அளவு, கருப்பு வெள்ளை, ஓரமெல்லாம் பழுத்துவிட்டது. ஏலத்தில் கட்டாக வாங்கிய நாற்பது படங்களில் ஒன்று. இங்கிலாந்தில் ஏதோ ஒரு புல்வெளியில் தாழ்வான இரண்டு சீட்டுக் கார் ஒன்று சற்றே சாய்கோணத்தில் நிற்கிறது. மேற்கூரை இல்லை, கதவும் இல்லை. பக்கவாட்டில் வெள்ளை வட்டத்துக்குள் 47 என்று எழுதியிருக்கிறது. முன்னால் ஒருவர் குந்தி உட்கார்ந்து எதையோ முடுக்கிக்கொண்டிருக்கிறார். அவருடைய முழங்கால் நம்பர் பிளேட்டின் முதல் எழுத்தை மறைக்கிறது. மீதி 'பி.எஃப்.' (PF) என்றும் அதற்குப் பின் மூன்று இலக்கங்களும் தெரிகின்றன. படத்தின் பின்பக்கம் பென்சிலில் 'விட் மண்டே' (பிரிட்டனின் பழைய விடுமுறைத் திங்கள்) என்று மட்டும் இருக்கிறது. வருஷம் இல்லை, ஊர் இல்லை, கார் பெயரும் இல்லை.

இப்படி ஒரு படம் கிடைத்தால் எங்கே தொடங்குவது என்பதுதான் கேள்வி. வழிகள் நான்கைந்து உண்டு: நம்பர் பிளேட்டைத் துரத்தலாம், உடலின் வடிவத்தைப் பட்டியல்களோடு ஒப்பிடலாம், சக்கரத்தையும் சேஸிஸையும் (காரின் அடிச்சட்டத்தையும்) அளக்கலாம், படம் எடுத்த இடத்தையும் நாளையும் கண்டுபிடிக்கலாம், இல்லையென்றால் தெரிந்தவர்களிடம் கேட்டுவிடலாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய யாருக்கும் நேரம் இருக்காது. எதை முதலில் எடுக்கிறோமோ அதை வைத்துத்தான் ஒரு வாரத்தில் முடியுமா, ஒரு வருஷம் இழுக்குமா என்பது தெரியும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனி தயாரித்த கார் என்றால் நம்பர் பிளேட்டில் தொடங்குங்கள். யாரோ ஒருவர் தன் கையால் கட்டிய ஒற்றைக் கார் என்றால் அதைக் கடைசியில் வைத்துக்கொண்டு சக்கரத்தில் தொடங்குங்கள். நான் தலைகீழாகச் செய்து ஒரு மாதத்தை வீணாக்கியவன்.

இந்தக் கார்களுக்கு பிரிட்டனில் 'ஸ்பெஷல்' என்று பெயர். இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில் அங்கே புதுக் கார் எளிதில் கிடைக்காது. தயாரானவற்றில் பெரும்பங்கு ஏற்றுமதிக்குப் போனது. ஆனால் 1922-இல் அறிமுகமாகி 1939 வரை கிட்டத்தட்ட 2,90,000 கார்கள் இறங்கிய ஆஸ்டின் செவன், பழையதாக, மலிவாக எங்கும் கிடைத்தது. அதன் உடலைக் கழற்றி எறிந்துவிட்டு, சேஸிஸ் மேல் அலுமினியத் தகட்டை வளைத்துப் போட்டால் பந்தயக் கார். 1939-இல் தொடங்கிய 750 மோட்டார் கிளப் இந்தக் கூட்டத்துக்கென்றே போட்டிகள் நடத்தியது. ஆஸ்டினுக்கு அடுத்து ஃபோர்ட் எய்ட், ஃபோர்ட் டென் வகையறா. அந்த ஃபோர்டின் 1172 சிசி சைடுவால்வ் (வால்வுகள் பக்கவாட்டில் உள்ள) எஞ்சினுக்காக அதே கிளப் 1953-இல் தனிப் பிரிவே தொடங்கியது. 1950களின் நடுவில் ஃபைபர் கிளாஸ் உடல்களைத் தனியாக விற்க ஆரம்பித்தார்கள். உதிரியாக வாங்கித் தானே பூட்டிக்கொள்ளும் காருக்குப் பர்ச்சேஸ் டாக்ஸ் என்ற அன்றைய விற்பனை வரி கிடையாது. 1973-இல் வாட் வரி வந்ததும் அந்தச் சலுகை போயிற்று. ஆக, ஏறத்தாழ கால் நூற்றாண்டு, சொந்தக் கொட்டகையில் கார் கட்டுவது பிரிட்டனில் ஓரளவு சகஜமான பொழுதுபோக்கு. அப்படிக் கட்டியவர்கள் பெயர்ப் பலகை வைத்தார்களா, பதிவேட்டில் எழுதினார்களா என்றால், பெரும்பாலும் இல்லை.

நம்பர் பிளேட் ஏன் எல்லோரையும் இழுக்கிறது என்பது புரிகிறது. பிரிட்டனில் 1904 ஜனவரி முதல் தேதியிலிருந்து எல்லா மோட்டார் வண்டிக்கும் பதிவு கட்டாயம். பதிவு செய்தது அந்தந்தக் கவுண்டி (மாவட்டம்) அல்லது நகர நிர்வாகம். ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்து. 'ஏ' என்றால் லண்டன். 'டி.யு.' என்றால் கவென்ட்ரி. 'யு.ஒய்.' என்றால் வுஸ்டர்ஷயர். எண்கள் தீர்ந்துபோனதும் 1932-இல் மூன்றெழுத்து முறை வந்தது. அதில் கடைசி இரண்டு எழுத்துதான் ஊரைச் சொல்லும், முதலாவது வெறும் வரிசை எழுத்து. 1963-இல் வருஷத்தைக் குறிக்கும் எழுத்தைக் கடைசியில் சேர்க்க ஆரம்பித்தார்கள், 1965 முதல் அது நாடு முழுக்கக் கட்டாயமானது. கருப்புப் பலகையில் வெள்ளை எழுத்தா, ஒளி திருப்பும் வெள்ளைப் பலகையா என்பதும் ஒரு தடயம். பின்னது 1968-இல்தான் அனுமதிக்கப்பட்டது, 1973-இல் புதுக் கார்களுக்குக் கட்டாயமாயிற்று. அதனால் பலகையைப் பார்த்த மாத்திரத்தில் ஊரும் தோராயமான காலமும் கிடைத்துவிடும். இவ்வளவு தருகிற ஒரு தடயத்தை யார்தான் விடுவார்கள்?

சிக்கல் பதிவேட்டில் இருக்கிறது. 1974-இல் எல்லாம் வேல்ஸில் உள்ள ஸ்வான்சீயில் ஒரே அலுவலகத்துக்குப் போனது. அதற்கு முன் கவுண்டிகள் கையால் எழுதி வைத்த பேரேடுகளில் பல அழிந்துவிட்டன. தப்பியவை கவுண்டி ஆவணக் காப்பகங்களிலும், வுஸ்டர்ஷயரில் கிட்ஹெட் டிரஸ்ட் திரட்டிய தொகுப்பு போன்றவற்றிலும் கிடக்கின்றன. உங்கள் எழுத்துக்குரிய பேரேடு தப்பியதா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

அப்படியே பேரேடு இருந்தாலும் அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஸ்பெஷல் கட்டியவர் பெரும்பாலும் பழைய காரின் நம்பரையே வைத்துக்கொள்வார். எண் சேஸிஸோடு வருகிறது, உடலோடு வருவதில்லை. அப்படியென்றால் பேரேட்டைத் திறந்தால் என்ன கிடைக்கும்? முதன்முதலில் அந்த ஆஸ்டினைக் கடையில் வாங்கிய யாரோ ஒரு பாதிரியார் அல்லது டாக்டரின் பெயர். இருபது வருஷம் கழித்து அதைப் பிரித்துப் பந்தயக் கார் ஆக்கிய இளைஞனின் பெயர் பெரும்பாலும் அங்கே இருக்காது.

இதற்குப் பிரபலமான உதாரணம் லோட்டஸ் கம்பெனியின் முதல் கார். காலின் சாப்மன் 1948-இல் மாணவராக இருந்தபோது, வடக்கு லண்டனில் மஸ்வெல் ஹில்லில், காதலி ஹேசலின் பெற்றோர் வீட்டுப் பின்புறக் கராஜில் கட்டியது. அடிப்படை 1928 மாடல் ஆஸ்டின் செவன். மேலே பிளைவுட்டும் அலுமினியமும் சேர்த்த உடல். படங்களில் அதன் நம்பர் ஓ.எக்ஸ். 9292. ஓ.எக்ஸ். பர்மிங்ஹாமுக்கு உரியது, 1920களின் பிற்பகுதியில் கொடுத்த வரிசை. கார் யாருடையது என்று தெரியாமல் அந்த நம்பரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் எங்கே போய் நிற்போம்? பர்மிங்ஹாமில், போருக்குப் பத்து வருஷம் முன்பு, ஒரு சாதாரண ஆஸ்டின் முன்னால். மஸ்வெல் ஹில்லும் 1948-உம் அந்த நம்பரில் எங்குமே இல்லை. சாப்மன் 1950-இல் விற்ற அந்தக் கார் இன்றுவரை கிடைக்கவில்லை. லோட்டஸ் தன் எழுபதாம் ஆண்டில் பொதுமக்களிடம் தேடித்தரச் சொல்லிக் கேட்டது. நம்பர், படம், கட்டியவர் பெயர் மூன்றும் கையில் இருந்தும் கார் கிடைக்காத கதை இது. நம் நிலைமை அதற்கு நேர் எதிர்: கார் படத்தில் இருக்கிறது, பெயர்தான் இல்லை.

டிரேட் பிளேட் என்று இன்னொரு கண்ணியும் உண்டு. பதிவாகாத காரைச் சாலையில் ஓட்டிப் பார்க்க, டீலர்களும் தயாரிப்பாளர்களும் தற்காலிகமாகக் கட்டும் பலகை அது. அந்த எண் கடைக்காரருடையது; இன்று ஒரு காரில் இருக்கும், நாளை வேறொன்றில் இருக்கும். நூலாலோ வாராலோ கட்டிய பலகை போலத் தெரிந்தால் காரின் அடையாளமாக அதை எடுக்கவே வேண்டாம்.

ஆனால் பிளேட் கைகொடுக்கும் இடமும் உண்டு, அதை மறுக்கக் கூடாது. கம்பெனியே செய்து பார்த்த முன்மாதிரிக் கார்கள் பெரும்பாலும் சொந்த ஊரில்தான் பதிவாகும். மால்வர்னில் இருக்கும் மோர்கனுக்கு வுஸ்டர்ஷயர் எழுத்து, ஆபிங்டனில் இருந்த எம்.ஜி.க்கு பெர்க்ஷயர் எழுத்து. ஜே.பி. என்று முடியும் நம்பரோடு எந்தப் பட்டியலிலும் இல்லாத ஓர் எம்.ஜி. மாதிரிக் கார் தெரிந்தால், அது ஆபிங்டன் ஆலைக்குள்ளிருந்தே வந்ததாக இருக்கலாம். அங்கே பிளேட் முதல் வழி.

என் படத்துக்கு வருவோம். பி.எஃப். சர்ரே கவுண்டி. அதற்கு முன்னால் ஓர் எழுத்து மறைந்திருப்பதால் மூன்றெழுத்து வரிசை, ஆகவே 1932-க்குப் பிறகு. நான் உற்சாகத்தில் ஓர் ஆவணக் காப்பகத்துக்குக் கடிதம் எழுதினேன். முதல் எழுத்து இல்லாமல் எந்தப் பேரேட்டைப் புரட்டுவது என்று மிக மரியாதையாகப் பதில் வந்தது. நியாயம்தான். அந்தப் பதிலுக்காகக் காத்திருந்த நாட்களைத்தான் மேலே 'ஒரு மாதம்' என்று சொன்னேன்.

அப்புறம்தான் சக்கரத்துக்கு வந்தேன். இந்த வழிக்குக் கடிதம் வேண்டாம், காசு வேண்டாம், நல்ல ஸ்கேன் ஒன்று போதும். காரின் உடலை யாரும் எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் அடியில் இருப்பது ஒரு கம்பெனி அச்சடித்த சேஸிஸ், அதன் நீளம் புத்தகத்தில் இருக்கிறது. முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை உள்ள நீளம்தான் வீல்பேஸ். ஆஸ்டின் செவனுக்கு அது 75 அங்குலம், 1930களில் வந்த நீளமான வகைக்கு 81. ஃபோர்ட் எய்ட்டுக்கும் பிற்பாடு வந்த பாப்புலருக்கும் 90. எம்.ஜி.யின் டி வரிசைக்கு 94. டிரயம்ப் ஹெரால்டுக்கு 91.5.

படத்தில் அளவுகோல் இல்லையே என்கிறீர்களா? டயர்தான் அளவுகோல். அந்தக் கால கிராஸ்பிளை (குறுக்கிழை) டயரின் பக்கச்சுவர் உயரம் அதன் அகலத்துக்கு ஏறக்குறைய சமம். ஆகவே 4.50-17 (அகலம் 4.5, உள்வளைய விட்டம் 17 அங்குலம்) என்ற டயரின் மொத்த விட்டம் 17 உடன் இரண்டு 4.5 சேர்த்து 26 அங்குலம். வீல்பேஸை டயர் விட்டத்தால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். அந்த விகிதம் படம் சின்னதா பெரிதா என்பதைப் பொறுத்தது அல்ல. பாப்புலருக்கு 90 வகுத்தல் 26, அதாவது 3.46. ஆஸ்டின் செவனின் 3.50-19 டயருக்கும் 26 அங்குலம்தான், அதனால் 2.88 அல்லது 3.1. ஹெரால்டின் சின்ன 13 அங்குலச் சக்கரத்தில் இது 3.9-ஐத் தொடும்.

கார் நேர்ப் பக்கவாட்டில் நிற்காமல் சாய்ந்து நின்றால் எப்படி? இங்கே ஒரு சின்ன உத்தி உண்டு. சாய்ந்து நிற்கும் சக்கரம் படத்தில் முட்டை வடிவமாகத் தெரியும். அதன் உயரத்தை எடுக்காமல் அகலத்தை எடுங்கள். வீல்பேஸ் எவ்வளவு சுருங்கித் தெரிகிறதோ, சக்கரத்தின் அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவே சுருங்கியிருக்கும். வகுக்கும்போது இரண்டும் அடிபட்டுப் போகும். முன்சக்கரம் அருகில் இருப்பதால் பெரிதாகத் தெரியும், பின்சக்கரம் சிறிதாகத் தெரியும், இரண்டுக்கும் சராசரி எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்டியரிங் திரும்பியிருந்தால் மட்டும் முன்சக்கரத்தை நம்பாதீர்கள்.

என் ஸ்கேனில் முன்சக்கரத்தின் அகலம் 238 பிக்சல், பின்சக்கரம் 212, சராசரி 225. மையத்துக்கு மையம் 780. வகுத்தால் 3.47. மேஜையைத் தட்டிச் சத்தம் போட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இந்த எண்ணை வைத்து உடனே தீர்ப்பு எழுதிவிட முடியாது. எம்.ஜி. டி.சி.யின் 94 அங்குலத்தை அதன் 4.50-19 டயரின் 28-ஆல் வகுத்தால் 3.36 வருகிறது. மங்கலான படத்தில் இந்த வித்தியாசம் அளப்பதில் வரும் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். மாரிஸ் எய்ட்டின் வீல்பேஸும் ஃபோர்டை ஒட்டியே இருக்கும். ஆகவே அடுத்து வீல் போல்ட்டை எண்ண வேண்டும். ஆஸ்டின் செவனுக்கு மூன்று, ஃபோர்டுக்கு ஐந்து, போருக்குப் பின் வந்த மாரிஸ் மைனருக்கு நான்கு. எம்.ஜி. டி.சி.க்குப் போல்ட்டே கிடையாது, நடுவில் ஒரே பெரிய திருகு இருக்கும் கம்பிச் சக்கரம். பூதக்கண்ணாடியில் என் படத்தின் பின்சக்கரத்தில் ஐந்து புள்ளிகள் தெரிந்தன. எம்.ஜி. போயிற்று. மிச்சம் இருந்த மாரிஸ் சந்தேகத்தைத் தீர்த்தது முன்பக்கம். மூக்குக்கு அடியில், சக்கரத்துக்குச் சக்கரம் குறுக்கே வில் போல வளைந்த கறுப்புக் கோடு ஒன்று ஓடியது. குறுக்கே வைத்த லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்). ஆஸ்டின் செவனிலும் அது உண்டு, இந்த ஃபோர்டுகளிலும் உண்டு, ஆனால் மாரிஸ் எய்ட்டில் ஸ்பிரிங் நீளவாக்கில் இருக்கும். மூன்றையும் சேர்த்தால் விடை ஒன்றுதான்: 90 அங்குல ஃபோர்ட்.

இந்த வழிக்கும் ஓட்டை உண்டு. கட்டியவர் சேஸிஸை வெட்டிச் சுருக்கியிருக்கலாம், சக்கரத்தை மாற்றியிருக்கலாம். முன் ஆக்ஸிலை நடுவில் வெட்டிக் கீல் போட்டு இரண்டாக்குவது அன்று ரொம்பப் பிரபலம். லெஸ்லி பாலமி என்பவர் எல்.எம்.பி. என்ற பெயரில் அதைச் செய்து விற்றார். வளைவில் முன்சக்கரங்கள் கோணலாகச் சாய்ந்து தெரியும் படம் பார்த்தால் அந்த வேலை நடந்திருக்கிறது என்று யூகிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேல், சக்கரம் 'எதன் மேல் கட்டினார்' என்று சொல்லும், 'யார் கட்டினார்' என்று சொல்லாது. ஆனால் சக்கரம் தருகிற பதில் பெரும்பாலும் சரியாக இருக்கும். பிளேட் பல சமயம் பொய் சொல்லும். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் இதை முதலில் வைக்கிறேன்.

உடல் வடிவத்தைப் பட்டியலோடு ஒப்பிடுவது பார்க்க எளிது, நம்ப ஆபத்து. ஃபைபர் கிளாஸ் உடல் என்றால் விற்றவர்களின் விளம்பரங்கள் கிடைக்கின்றன: ஆஷ்லி, ஃபால்கன், ராச்டேல், மைக்ரோபிளாஸ் என்று. ஆனால் ஒரே அச்சில் எடுத்த உடலைப் பலர் வாங்கினார்கள். மைக்ரோபிளாஸின் மிஸ்ட்ரல் உடலைத் தனியாள்களும் வாங்கித் தங்கள் சேஸிஸில் பூட்டினார்கள், ஃபேர்த்தார்ப் கம்பெனியும் தன் எலெக்ட்ரான் காருக்குப் போட்டது. 'இது மிஸ்ட்ரல்' என்று கண்டுபிடித்தால் சட்டை எந்தத் துணிக்கடையில் வாங்கியது என்று தெரிந்த மாதிரி; போட்டுக்கொண்டவர் யார் என்பது அப்படியே நிற்கிறது. எது அலுமினியம், எது ஃபைபர் என்று பிரித்தால் மட்டும் காலம் தெரியும். ரிவெட் வரிசை, மடித்த ஓரம், தகடுகள் சேரும் கோடு தெரிந்தால் அலுமினியம். ஓரம் தடிமனாக, உருண்டையாக, ஒரே வார்ப்பாக இருந்தால் ஃபைபர், ஆகவே 1950கள் அல்லது பிறகு. என் படத்தில் டேஷ்போர்டுக்கு முன்னால் ரிவெட் வரிசை பளிச்சென்று தெரிகிறது.

வடிவத்தை நம்புபவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தனி மட்கார்டு, மொட்டை மூக்கு, அலுமினிய உடல் இருந்துவிட்டால் போதும், 'இது தொலைந்துபோன ஆரம்பகால லோட்டஸ்' என்று சொல்லிவிடுவார்கள். விற்பவர்களுக்கு இந்த வியாதி கொஞ்சம் அதிகம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. லோட்டஸ் மார்க் சிக்ஸ் மொத்தமே நூற்றுச் சொச்சம்தான் வந்தது. அதைப் பார்த்துவிட்டுத் தன் கொட்டகையில் அதே மாதிரி தட்டிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர்.

போருக்கு முந்தைய மலையேற்றப் பந்தயக் கார்கள் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அவற்றின் விநோதமே அடையாளம். போல்ஸ்டர் சகோதரர்கள் 1929-இல் தொடங்கிய 'பிளடி மேரி'யில் இரண்டு ஜே.ஏ.பி. மோட்டார்சைக்கிள் எஞ்சின்கள். டேவிட் ஃப்ரையும் டிக் சீசரும் 1936-இல் கட்டிய ஃப்ரைகைசர்வாகனில் எஞ்சினே பின்னால். பெயரும் இருவர் பெயரையும் ஜெர்மன் பாணியில் ஒட்டிய குறும்பு. அலெக் இஸிகோனிஸ் மினியை வடிவமைப்பதற்கு இருபது வருஷம் முன்பே ஜார்ஜ் டவ்சனோடு சேர்ந்து கட்டிய லைட்வெயிட் ஸ்பெஷலில் ரப்பர் ஸ்பிரிங். இந்த மாதிரி வண்டியின் படம் கிடைத்தால் அளக்கவெல்லாம் வேண்டாம், பார்த்தவுடன் யாராவது பெயர் சொல்லிவிடுவார்கள்.

இன்டர்நெட்டில் படத்தைப் போட்டுத் தேடும் கருவிகளைப் பற்றி இரண்டு வரி போதும். அவை அதிகம் பார்த்த காரைத்தான் சொல்லும். ஒரே ஒரு கார் மட்டும் உள்ள வகையை அவை பார்த்திருக்க வாய்ப்பில்லை. என் படத்தைப் போட்டபோது மோர்கன் என்றது. அதே படத்தைக் கொஞ்சம் வெட்டிப் போட்டேன், அப்போது ஜாகுவார் என்றது.

சக்கரத்துக்கு அடுத்து நான் வைப்பது இடமும் நாளும். கட்டியவர் பெயரை உண்மையில் தரக்கூடிய வழி இது ஒன்றுதான். பக்கவாட்டு வட்டத்தில் இருக்கும் பந்தய எண், பதிவு எண்ணைவிட இங்கே மதிப்புள்ளது. எந்த மைதானம், எந்த நாள் என்று தெரிந்துவிட்டால் அன்று விற்ற நிகழ்ச்சி நிரல் புத்தகத்தில் 47-க்கு எதிரே ஓட்டியவர் பெயரும் காரின் பெயரும் அச்சில் இருக்கும். 'ஃபோர்ட் ஸ்பெஷல் 1172' என்று மொட்டையாக இருந்தாலும் ஓட்டியவர் பெயர் இருக்கும். ஆனால் அந்த எண் ஒரு நாளைக்குத்தான். அடுத்த போட்டியில் அதே கார் 12 ஆகிவிடும். நாள் தெரியாமல் எண்ணை வைத்துக்கொண்டு தேடினால் பயன் இல்லை.

நாளைப் பிடிக்க நான் கண்ட நல்ல சாட்சி, பின்னணியில் தற்செயலாக நிற்கும் சாதாரணக் கார்தான். ஹீரோவை எல்லோரும் பார்ப்பார்கள், பார்வையாளர்கள் ஓட்டி வந்த வண்டியை யாரும் பார்ப்பதில்லை. என் படத்தின் வலது மூலையில் ஒரு மாரிஸ் மைனரின் முகம் தெரிகிறது. அதன் முன் கண்ணாடி ஒரே துண்டு. 1956 அக்டோபரில் மைனர் 1000 வரும் வரை மைனரின் கண்ணாடி நடுவில் பிளந்த இரண்டு துண்டு. ஆகவே படம் சீக்கிரமென்றாலும் 1957 கோடை. மறுமுனையில், விட் மண்டே என்பது பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு அடுத்த திங்கள். 1960களின் பிற்பகுதியில் அந்த அரசு விடுமுறை மே மாதக் கடைசித் திங்களுக்கு மாறியது, 1971-இல் சட்டமாகவும் ஆனது. ஆக, பத்துச் சொச்சம் திங்கட்கிழமைகள். ஒரு மாதம் காப்பகத்துக்குக் காத்திருந்தவனுக்கு இது பத்து நிமிஷ வேலை.

இடம்தான் தகராறு. பழைய படங்களில் சில மைதானங்கள் தாமே பேசும். புரூக்லண்ட்ஸின் சாய்ந்த கான்கிரீட் பாதை தெரிந்தால் 1907-க்கும் 1939-க்கும் நடுவே. ஷெல்ஸ்லி வால்ஷ் என்றால் மரங்களுக்கு நடுவே செங்குத்தாக ஏறும் ஆயிரம் கஜப் பாதை, பின்சக்கரம் இரட்டையாகப் போட்ட கார்கள் அங்கே சகஜம். குட்வுட் என்றால் 1948-க்கும் 1966-க்கும் இடையே. என் படத்தில் இருப்பதோ புல், வைக்கோல் கட்டு, ஒரு ஒலிபெருக்கிக் கம்பம். இங்கிலாந்தில் எந்த மைதானத்திலும் இது மூன்றும் உண்டு. இடம் பார்ப்பதற்கு முன் இன்னொன்று: படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்த படங்கள் நிறைய உலவுகின்றன. ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தால் உஷாராகுங்கள். 47 திரும்பித் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

கடைசி வழி, மனிதர்கள். பலர் இதைத்தான் முதலில் செய்கிறார்கள்: படத்தை நீட்டி 'இது என்ன கார்?' என்று கேட்பது. பதில் வரும், ஆளுக்கொரு பதில். இதே நான்கு வரியை எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்: வீல்பேஸ் 90, ஐந்து போல்ட், அலுமினியம், 1957 அல்லது பிறகு. கேட்ட இடத்தின் தரமும் முக்கியம். ஆஸ்டின் செவன் கிளப்புகளின் கூட்டமைப்புக்குத் தனி ஆவணத் தொகுப்பு உண்டு. ஃபோர்ட் சைடுவால்வ் வண்டிகளுக்கென்று உரிமையாளர் சங்கம் இருக்கிறது. சர்ரே விண்டேஜ் வெஹிகிள் சொசைட்டி பழைய படங்களில் உள்ள வண்டிகளை அடையாளம் காண்பதற்கே பேர் போனது. ஹாம்ப்ஷயரில் பியூலியில் உள்ள தேசிய மோட்டார் மியூசியத்தில் படங்களும் நிகழ்ச்சி நிரல்களும் குவிந்து கிடக்கின்றன. ஆனால் எது ஃபோர்ட், எது ஆஸ்டின் என்று உங்களுக்கே தெரியாவிட்டால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதும் தெரியாது. சக்கரத்தை முதலில் வைப்பதற்கு இது இன்னொரு காரணம்.

ஞாபகத்திலிருந்து பெயர் சொல்பவர்களிடம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒற்றைக் கார்கள் ஒரே உருவத்தில் இருக்காது. ஒரு சீசனில் சைக்கிள் மட்கார்டு, அடுத்ததில் முழு உடல், கை மாறினால் பெயரும் மாறும். 'அது சிவப்பு, மூக்கு இன்னும் நீளம்' என்று ஒரு பெரியவர் சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. அதே காரை அவர் மூன்று வருஷம் தள்ளிப் பார்த்திருக்கலாம்.

நான் இதுவரை மூன்று விட் மண்டே நிகழ்ச்சி நிரல்களைப் பார்த்துவிட்டேன். ஒன்றில் 47 ஒரு ஜாகுவார். இன்னொன்றில் 47 என்ற எண்ணே இல்லை. மூன்றாவதில் 47-க்கு எதிரே 'ஃபோர்ட்' என்று இருக்கிறது, அதன் மேல் யாரோ பேனாவால் கோடு கிழித்து 'வரவில்லை' என்று எழுதியிருக்கிறார்கள். படத்தின் பின்பக்கம் இப்போது என் பென்சில் எழுத்தும் சேர்ந்திருக்கிறது: 'ஃபோர்ட் 90 அங்குல சேஸிஸ், கையால் தட்டிய அலுமினியம், சர்ரே பதிவு, 1957 அல்லது பிறகு. கட்டியவர்?'

அந்த முழங்கால் இரண்டு அங்குலம் தள்ளியிருந்தால் முதல் எழுத்தும் தெரிந்திருக்கும். பேரேடு தப்பியிருந்தால், போருக்கு முன்போ பின்போ சர்ரேயில் புதிதாக ஒரு சாதுவான குடும்ப ஃபோர்ட் வாங்கிய யாரோ ஒருவரின் வீட்டு முகவரி எனக்குக் கிடைத்திருக்கும்.